கடைசி ஆள்

"நீங்க முன்னாடி போங்க சார்" என்றாள் பிரையனி.

"பரவாயில்லம்மா, நீ போ" என்றார் அவர்.

ரயில் பாதையை ஒட்டிய இரும்புக் கதவை அவள் ஒரு பக்கம் பிடித்திருந்தாள். அவரும் அதே கதவை மறுபக்கம் பிடித்திருந்தார். நடுவில் மழை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

திட்டம் எளிது. காலை ஒன்பதுக்கு எக்ஸிட்டர் நகரில் கிளம்பி, ஆற்றின் மேற்குக் கரையோடு கழிமுகம் வரை மிதிப்பது. ஸ்டார்கிராஸ் படகுத்துறையில் ஒரு மணிப் படகில் சைக்கிளோடு அக்கரை சேர்வது. கிழக்குக் கரையோடு ஊர் திரும்புவது. கிளம்பும்போது சைக்கிள் கிளப் தலைவி ஹிலரி ஒரு மஞ்சள் ஜாக்கெட்டை பிரையனி கையில் திணித்தாள்.

"இன்னைக்கு நீதான் கடைசி ஆள். உனக்குப் பின்னாடி ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. யாரையும் விட்டுட்டு வந்துடாதே, பிரிட்ஜெட்."

பிரையனி பெயரைத் திருத்தவில்லை. ஊருக்கு வந்து ஏழு மாதம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளோடுதான் சகவாசம். கிளப்பில் இது மூன்றாவது ஞாயிறு. செய்தி அனுப்பும் குழுவில் அவள் எண்ணை இன்னும் சேர்க்கவில்லை. இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இதை ஒழுங்காகச் செய்தால் அடுத்த வாரம் சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கிளப்பின் ஜாக்கெட் நனையக் கூடாது என்று அதன் மேல் தன் மழைக்கோட்டை மாட்டி, கழுத்துவரை பூட்டிக்கொண்டாள்.

ஒரே சிக்கல், கதவின் மறுபக்கத்தைப் பிடித்து நிற்கும் இந்த ஆள். கிளெமென்ட் யோ என்று பெயர் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை சாம்பல் நிற மழைக்கோட்டு. அவள் எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் அதைவிட மெதுவாகப் பின்னால் வந்தார். நகர எல்லைப் பாலத்தருகே மழை வலுத்தபோது முன்னால் ஒரு சிவப்புத் தலைக்கவசம் தெரிந்தது. அதன் பிறகு கூட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

கதவைத் தாண்டியதும் அவள் நின்று ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். அவரும் இறங்கி, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த தன் கயிற்றை அவிழ்த்தார்.

"நீங்க போங்க சார், நான் வந்துடுவேன்."

"எனக்கென்ன அவசரம்? நிதானமா கட்டு."

பாவம், முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள். அடுத்த திருப்பத்தில் அவர் பார்க்காத நேரம் பின் சக்கரத்துக் காற்றைத் திறந்துவிட்டாள்.

"பஞ்சர் சார். நேரமாகும். நீங்க போயிடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் பரப்பினார். டியூபைக் குட்டைத் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக முக்கிப் பார்த்தார்.

"ஓட்டையே காணோமே."

"சில ஓட்டை தண்ணியில தெரியாது சார்" என்றாள், அறிவியலில் பட்டம் வாங்கியவள்.

"அப்படியா" என்று மரியாதையோடு கேட்டுக்கொண்டு, காற்றடிக்கும்போது வால்வை உடைத்தார். அவரிடம் இருந்த மாற்று டியூப் அவள் சக்கரத்துக்குச் சேரவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு படகுக் கொட்டகை வந்தது. அவசரமாக ஒதுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வெட்கத்துக்காவது முன்னால் போய்விடுவார். நீர் வற்றிய கரையில் இரண்டு அடி வைத்தாள். சேறு முழங்கால் வரை இழுத்தது.

கொட்டகையின் மறுபக்கம் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. அவர் போகவில்லை.

"சார்" என்றாள் மெல்ல. "கொஞ்சம் வர்றீங்களா?"

அவர் இழுத்ததில் கால் வந்தது. ஷூ வரவில்லை. அவர் தன் ரொட்டிப் பையைக் காலி செய்து அவள் காலில் மாட்டிவிட்டார்.

அதன் பிறகு யாரும் முன்னால் போகச் சம்மதிக்காததால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். வறுத்த இறைச்சி வைத்த ரொட்டியை அவர் இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினார்.

"வீட்டுல யாரு இருக்கா சார்?"

"ஓர் ஆமை. குளிர்காலம் பூரா தூங்கிடும். அப்பத்தான் கஷ்டம்."

அவள் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். பிறகு குப்பிகளைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு குப்பியிலும் எந்த ஊர்த் தண்ணீர் என்று எழுதியிருக்கும். அந்த ஊர்களுக்கு அவள் போனதில்லை. அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். தன் குரல் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஒலித்து அவளே கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

ஸ்டார்கிராஸ் படகுத்துறைக்கு வந்தபோது மணி நாலரை. கடைசிப் படகு நின்றிருந்தது. மழை விட்டிருந்தது. கிளெமென்ட் மழைக்கோட்டைக் கழற்றினார்.

உள்ளே மஞ்சள் ஜாக்கெட்.

பிரையனி தன் கோட்டைத் திறந்து காட்டினாள்.

"உனக்குமா?" என்றார். "என்கிட்ட, 'இன்னைக்கு நீதான் கடைசி ஆள், கிளாரன்ஸ்'னாங்க."

"உங்க பேரு கிளெமென்ட்தானே?"

"ஆமா."

இருவரும் சைக்கிள்களைப் படகருகே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஏறுங்க, நேரமாச்சு" என்றார் படகுக்காரர்.

"முதல்ல அவரு."

"முதல்ல அந்தப் பொண்ணு. ஒருத்தரையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

படகுக்காரர் இருவரின் ஜாக்கெட்டையும், ரொட்டிப் பை மாட்டிய காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிரையனி கேட்டே விட்டாள்.

"ஒரு மணிப் படகுல போனாங்களே, ஹிலரி கூட்டம்... எங்களுக்காக ரொம்ப நேரம் காத்திருந்தாங்களா?"

"ஹிலரி கூட்டமா? மழைன்னு பாலத்தைத் தாண்டி அந்தக் கரை வழியா வீட்டுக்குப் போயிட்டாங்களே. தலையை எண்ணிப் பார்த்தாச்சு, ஒருத்தர்கூட விட்டுப்போகலன்னு பத்து மணிக்கே எனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. ஆமா, நீங்க ரெண்டு பேரும் எந்தக் கிளப்பு?"