போதகர் ஒளித்திருந்த தோணி

"ஐயா, தலையை இன்னும் கொஞ்சம் பதியுங்க. கொக்கு பாத்தாப் பரவாயில்ல, சபைச்சனம் பாத்தாச் சரியில்ல," என்றார் தோணிக்கார இளையதம்பி.

போதகர் நல்லரத்தினம் இன்னும் சுருண்டு படுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. வாவிக்கரையில் அவருடைய ஆலயத்தில் ஆராதனை தொடங்கியிருந்தது. அதை நடத்த வேண்டியவர் கண்டல் மரங்களுக்குப் பின்னால், மீன் வாடை அடிக்கும் தோணியில் ஒளித்திருந்தார்.

தை மாதம் அவருக்கு இடமாற்றம். அதற்குள் சபைக்குள்ளிருந்தே ஒருவர் பொறுப்பெடுக்காவிட்டால் ஆலயத்தைப் பூட்டிப் பட்டணத்துச் சபையோடு சேர்த்துவிடுவார்கள். கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோய் ஒரு வருடமாகப் போகிறது. மிஞ்சிய சனம் ஒன்றாய்க் கூடும் ஒரே இடம் அது. யாரைக் கேட்டாலும், "நீங்க இரிக்கிறீங்கதானே, ஐயா" என்றார்கள். சரி, இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று வந்துவிட்டார்.

ஒலிபெருக்கிப் பாட்டு தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்தது. முடிந்ததும் இன்னொரு பாட்டு. பிறகு இன்னொன்று. பனி கலைந்து வெயில் ஏறியும் பிரசங்கம் செய்ய ஒருவரும் எழும்பவில்லை.

"நத்தார்ப் பாட்டுக்கும் வந்திட்டாங்க, பாலன் பிறந்திட்டார்," என்றார் இளையதம்பி. "இனிப் பசிச்சாத்தான் நிப்பாட்டுவாங்க."

அந்த வாரம் போதகர் நிலோஜனைத் தனியே கூப்பிட்டார். நன்றாக வாசிக்கிற பிள்ளை. "நான் வராட்டி நீ பேசணும், மகன்." அவன் பயந்துவிட்டால் என்ன செய்வதென்று, பாலர் பாடசாலை ஆசிரியை தனுஷாவிடமும் அதையே சொல்லிவைத்தார்.

அடுத்த ஞாயிறு, பாட்டு ஒன்றோடு நின்றது.

"நீங்க பேசுங்கக்கா."

"இல்ல தம்பி, நீ பேசு."

"ஐயா என்னட்டத்தான் சொன்னவர். எண்டாலும் நீங்களே பேசுங்க."

"உன்னட்டயா? என்னட்டத்தானே சொன்னவர்?"

அத்தனையும் ஒலிபெருக்கியில் வந்தது. வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

போதகர் இருவரையும் தனித்தனியே சமாதானப்படுத்தினார். "தலைமை எண்டா மற்றாளுக்கு இடம் விட்டு விலகுறது." இருவரும் அதை ஆழமாக மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு கடும் பனி. தோணி கண்டலுக்குள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு தோணி நின்றது. அதில் குடைக்குள் நிலோஜன்.

"அக்காக்கு இடம் விட்டனான், ஐயா."

பின்னால் கிளை விலகியது. இன்னொரு தோணி. சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி தனுஷா.

"நான் தம்பிக்கு..." என்றாள்.

"அப்ப அங்க ஆர் இரிக்கா?"

"பேசுறத்துக்கு ஆருமில்ல, ஐயா."

மூன்று தோணிகளும் ஒன்றையொன்று இடித்து ஆடின. கரையில் பாட்டு நின்றது. சிறிய இரைச்சலுக்குப் பிறகு ஒரு குரல் வந்தது. கம்மிய, உடைந்த குரல்.

"ஏன் நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்களுக்கு முன்னால நிக்கமாட்டன். பக்கத்தில வந்து இரிக்கிறன். அழுறவங்க அழுங்க. ஒருவரும் தனிய வீட்டுக்குப் போகவேணாம்."

வாவி அசையாமல் கிடந்தது. தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாய், தோணிகள் எதன்மேல் நிற்கின்றன என்றே தெரியவில்லை. போதகரின் கண்கள் நிறைந்தன.

"இவர்தான் ஆள்," என்றார். "முப்பது வருசமாப் பிரசங்கம் பண்ணுறன். இப்பிடி ஒரு வார்த்தை எண்ட வாயில வந்ததில்ல. இவரை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இண்டைக்கே மேலிடத்துக்கு எழுதுறன். இனி நான் நிம்மதியாப் போவன்."

நிலோஜன் தனுஷாவைப் பார்த்தான். தனுஷா தண்ணீரைப் பார்த்தாள்.

இளையதம்பி கம்பைச் சேற்றில் ஊன்றித் தோணியை நிறுத்தினார்.

"அது நீங்கதான், ஐயா. கடல் வந்த அடுத்த ஞாயிறு பேசினது. அண்டைக்கு நீங்க உங்கட நினைவில இல்ல. அதைப் பதிஞ்சு வெச்சுத்தான் இப்ப போடுறாங்க, எங்கட வீட்டிலயும் ஒரு கசெட் கிடக்கு."