டக் பாடிய என் கல்யாணப் பொய்

பொய் சொல்கிறவன் பாட்டுக் கட்டுகிறவனோடு சிநேகம் வைக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு எழுபதுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில், நூறு பேர் எழுந்து நின்று எனக்குக் கைதட்டியபோது பிறந்தது.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பானை கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பேசியிருந்த மலரின் வீட்டாருக்கோ, நான் அங்கே நிர்வாக உத்தியோகம். (பானைகளை நிர்வகித்தேன்தானே.) அத்தாட்சியாக ஒரு படமும் அனுப்பியிருந்தேன். அதில், நான் வாடகைக்கிருந்த வீட்டுக்காரரின் காரில் சாய்ந்து, சமையல்காரன் டக்கின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கனடாவையே விலைக்கு வாங்கியவன் மாதிரி நிற்பேன்.

இந்த டக், கன்ட்ரி என்கிற வெள்ளைக்கார நாட்டுப்பாட்டுப் பாடும் ஓர் இசைக்குழுவின் பாடகன். குழுவில் மூன்று பேர். தங்களுக்கு வந்த கஷ்டத்தைத்தான் கதைப்பாட்டாகக் கட்டுவார்கள். மனைவி விட்டுப்போனது, வேலை போனது, தகப்பனின் பண்ணை ஏலம் போனது எல்லாவற்றையும் பாடி முடித்துவிட்டார்கள். கைவசம் இருந்த கஷ்டம் தீர்ந்துபோன சமயத்தில்தான் பக்கத்தில் பானையோடு நான் நின்றேன். "உனக்கு ஏதாவது கவலை இருக்கிறதா?" என்று டக் கேட்டான். கனடாவுக்கு வந்து அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. படத்தின் கதை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடுத்த மாதம், டொரொன்டோவில் ஆசிரியராக இருந்த மலரின் மாமா என்னை விசாரிக்க வந்தார். அவர் ஊருக்கு எழுதப்போகும் கடிதத்தில்தான் கல்யாணமே தங்கியிருந்தது. வெள்ளைக்காரர் என்னைத் தோளில் தட்டிப் பேசுவதைக் கண்டால் என் மதிப்பு ஏறும் என்று, அவரை டக்கின் கச்சேரிக்கே கூட்டிக்கொண்டு போனேன். (அவ்வளவு புத்திசாலி நான்.)

மூன்றாவது பாட்டில் ஒருவன் பானை கழுவினான். நான் ரசித்துத் தாளம் போட்டேன். அடுத்த அடியில் அவன் இரவல் கோட்டோடு யாருடையதோ காரில் சாய்ந்தான். என் கை நின்றுவிட்டது. கடலுக்கு அப்பால் ஒரு பெண் அந்தப் படத்தை நம்பியிருக்கிறாள் என்று பாடி முடித்த டக், "இது என் சிநேகிதனின் கதை" என்று மேடையிலிருந்து என்னைக் காட்டினான். மண்டபமே எழுந்து கைதட்டியது. மாமா மட்டும் இருந்தபடியே, மலர் வீட்டார் அவருக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"தம்பி, கார் ஆற்றை?"

"வீட்டுக்காரற்றை, அங்கிள்."

"கோட்?"

"அந்தப் பாட்டுக்காரற்றை."

"சிரிப்பெண்டாலும் உம்மடையோ?"

"ஓம் அங்கிள்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி எழுதிப்போட்டார். நான் ஆறு வாரம் டக்கோடு பேசவில்லை. அவனோ என்னைக் கௌரவித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தான். பிறகு மலரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. "மாமா எல்லாம் எழுதினவர். அந்தப் படத்திலை நிக்கிறவரை நினைக்கத்தான் எனக்குப் பயமாக் கிடந்தது. பானை கழுவுறவரைக் கட்ட எனக்குச் சம்மதம்."

கடிதத்தோடு ஓடிப்போய் டக்கைக் கட்டிப்பிடித்தேன். அவன் அன்று பாடியிராவிட்டால் நான் மலருக்கு முன்னால் ஆயுள் முழுக்க அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே நின்றிருப்பேன். அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் டக் விடவில்லை. எங்கள் வீட்டுச் சண்டையில் மூன்று பாட்டுக் கட்டினான். அவன் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. இருந்தும், வீட்டில் ஹீட்டர் பழுதானாலும் சரி, எனக்கு இருதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னாலும் சரி, மலர் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"டக்கிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."