உப்புக்காரரின் கடைசி அத்தியாயம்

கொலைக்கதை சொல்லத் தகுதியுள்ள மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் ஓணானைக் கண்டால் ஓடுவார்.

கொல்லிமலைமேல் செம்மேட்டுச் சந்தைக்கு வாரம் தவறாமல் கழுதை மேல் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மலையில் எல்லோருக்கும் அவர் உப்புக்காரர். ஆறடி உயரம், ஐயனார் மீசை. பின்னாலிருந்து யாராவது இருமினால் மட்டும் கழுதையின் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் வர வேண்டும். அப்பா செம்மேட்டில் கம்பவுண்டர். மலைக்காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து ஊற்றிக் கொடுப்பது அவர் உத்தியோகம் என்பதால், ஊர்க் குழந்தைகள் எங்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். எனக்குப் படிப்புப் பைத்தியம். படிக்கத்தான் ஒன்றும் இல்லை. மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை எல்லாம் மனப்பாடம் செய்து முடித்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உப்புக்காரர் சேலத்துக்குப் போகும்போது பழைய புத்தகக் கடையில் துப்பறியும் நாவல் வாங்குவார். எல்லாமே அட்டை கிழிந்தவை. அதை மூட்டையோடு மலைக்குக் கொண்டுவந்து, சந்தையில் உப்பை அளந்துகொண்டே எங்களுக்கு ஒரு அத்தியாயம் சொல்வார். அந்தச் சந்தையில்தான் எனக்கு வெள்ளையம்மா சிநேகிதமானாள். மலையிலேயே இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டுப் பெண்; மிளகு விற்க வந்த அவள் அப்பா மிளகை விற்றுவிட்டுத் திரும்பினால், மகள் உப்பு மூட்டைக்கு முன்னால் வேரோடியிருப்பாள்.

அவர் கதை சொல்லும் விதமே தனி. "ஜமீந்தாரு அறைக்குள்ளாற செத்துக் கெடக்கறாரு. உள்பக்கம் தாப்பாள். மூலையில ஒரு கொடை, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது" என்பார். பிறகு அந்தக் குடையைப் பற்றி மூச்சுவிட மாட்டார். சமையல்காரர் வருவார், வக்கீல் வருவார், ஜமீந்தாரின் தம்பி அழுவார்; மூன்று பேர் மேலும் சந்தேகம் விழும். எங்களுக்கோ குடை, குடை, குடை. மழையே பெய்யாத ஊரில் குடை எப்படி நனைந்தது? வாரம் முழுவதும் சோறு இறங்காது. எதைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

இன்னொரு வித்தையும் உண்டு. "கதவு மெதுவாத் தொறந்துச்சு..." என்று நிறுத்துவார். வாங்க வந்தவளைப் பார்த்து, "ஒரு படியாங்க, ரெண்டு படியாங்க?" என்பார். அவசரமே இல்லாமல் அளப்பார். படியின் தலையைத் தட்டிச் சமன் செய்வார். சிந்தியதைப் பொறுக்குவார். கடைசியில் உப்பு வாங்க வந்தவள் கூடையைக் கீழே வைத்துவிடுவாள்.

"உப்புக் கெடக்குதுங்க. கதவத் தொறந்தது ஆருங்க?"

"வார சந்தைக்கு வாங்க சாமி, சொல்றேன்."

அந்த அம்மாள் போன வாரம் வாங்கிய உப்பே வீட்டில் மிச்சமிருக்க, அடுத்த வாரமும் வந்து நிற்பாள்.

இப்படிப்பட்டவரை ஒரே கேள்வியில் மண்ணைக் கவ்வ வைத்தவள் வெள்ளையம்மா. மலையில் ஏதாவது களவு போனால் சந்தேகப்பட்டவர்களைக் கோயில் முன்னால் நிறுத்துவார்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்ய மலையில் ஆள் கிடையாது. ஆகவே வெள்ளையம்மா கேட்டாள்: "ஏனுங்க, மூணு பேரையும் கோயலுக்குக் கூட்டிட்டுப் போயி கர்ப்பூரம் அணைக்கச் சொன்னா முடிஞ்சு போச்சுங்களே. இதுக்கு எதுக்குங்க போலீசு?"

உப்புக்காரர் படியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாவல் எழுதியவர் இதை யோசிக்கவில்லை. அன்று கதை அத்தோடு நின்றது. அடுத்த வாரம் மூட்டையை இறக்குவதற்கு முன்பே சொன்னார்: "அந்த ஊர்ல கோயலு பூட்டிக் கெடக்குது கண்ணு. சாவியும் காணோம்." இப்போது பூட்டிய கதவு இரண்டாகிவிட்டது. எங்கள் பாடு இன்னும் மோசம்.

ஒருநாள் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. எங்களைத் தவிக்கவிட வேண்டும் என்று அவர் கதையை நிறுத்தவில்லையாம். அவர் படித்ததே அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு அத்தியாயம், உச்சிவெயிலில், கழுதை பக்கத்தில் நிற்கும்போது மட்டும் படிப்பார். பயம் தாங்காமல் மூடி உப்பு மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவார். "மேல பாரம் இருந்தாத்தான் கண்ணு நமக்குத் தூக்கம் வருது" என்றார்.

கடைசி அத்தியாயம் வந்தபோது அதுவும் அவரால் முடியவில்லை. "இதத் தனியாப் படிக்க என்னால ஆகாது. வார சந்தையில அல்லாரும் சேந்து உக்காந்து படிக்கலாம்" என்றார். நாங்கள் அவரை நம்பவில்லை. கோயிலுக்கு இழுத்துப்போய், சந்தையில் எல்லோரும் கூடாமல் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை என்று சத்தியம் வாங்கினோம். வெள்ளையம்மா விவரமானவள், எங்களையும் விடவில்லை; நாங்களும் கற்பூரம் அணைத்தோம்.

அந்த வாரத்தில் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சந்தை அன்று காலையிலேயே மலையிறங்க வேண்டும். ஒருநாள் தள்ளிப் போகலாம் என்று அழுது பார்த்தேன். "உப்புக்காரன் கதைக்காகச் சர்க்கார் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் அப்பா.

சித்திரை வெயிலில் இறங்கினோம். அம்மா வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கழுதை மணிச் சத்தம். உப்புக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார். என்னையும் எங்கள் மூட்டை முடிச்சுகளையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"போறயா கண்ணு?"

தலையாட்டினேன். அவர் மூட்டைக்கு அடியில் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தார். விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றது. ஒரு தாளைப் புரட்டினால் போதும். நான் கையை நீட்டினேன், மடக்கிக்கொண்டேன். மலைச் சத்தியம். மேலே வெள்ளையம்மா உப்பு விற்கும் இடத்தில் காத்திருப்பாள்.

"சரி, இப்பிடிப் பண்ணலாம்" என்றார் உப்புக்காரர். "மேல போயி அல்லாருமாப் படிக்கறோம். படிச்சதும் மலை விளிம்புல சோளக்காட்டு ஓரத்துக்கு ஓடியாந்து நானே பொகை போடறேன். தம்பின்னா ஒரு பொகை. சமையக்காரன்னா ரெண்டு. வக்கீலுன்னா மூணு. நீ அடிவாரத்துல இருந்து பாத்துக்க சாமி. ஆரும் உட்டுப்போனதா ஆகாது."

இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்தத் துப்பறிவாளனும் செய்திருக்க முடியாது என்று தோன்றியது. அவர் புறப்பட்டார். வளைவில் திரும்பும்போது ஒரு சருகு விழுந்தது, துள்ளிக் குதித்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் மாட்டுவண்டி நின்றது. மாடு இளைப்பாறட்டும் என்றார் அப்பா. இளைப்பாறிய மாடு படுத்து, எழுந்து, மறுபடியும் படுத்தது. அவர் கிளம்பச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கு அந்த வக்கீல் மேலதான் சந்தேகம்" என்றார். என் ஆவலைவிட அவர் ஆவல் ஒன்றும் குறைவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வெயில் சாயும் நேரத்தில் மலை விளிம்பில் புகை எழுந்தது. ஒன்று. நான் வண்டியில் ஏறி நின்றேன். பக்கத்தில் இன்னொன்று. தள்ளி மூன்றாவது. அதற்கு மேலே நான்கு, ஐந்து. பார்க்கப் பார்க்க மலை நெடுகப் புகை.

சித்திரையில் மலையில் காடு எரிப்பார்கள். மழைக்கு முன்னால் வெட்டிப் போட்டதைக் கொளுத்தி, தினையும் சாமையும் விதைக்க நிலத்தைத் தயார் செய்வார்கள். அது மலைக்காரர்களுக்குப் பல் துலக்குவதுபோலப் பழகிய வேலை. யாருக்கும் நினைவிலேயே இல்லை. அத்தனை பெரிய குடையை மூலையில் வைத்துவிட்டு எல்லோருமாக மறந்துபோனோம். காட்டுப் புகைக்கு அம்மா வழியெல்லாம் தும்மியதையாவது நான் கவனித்திருக்க வேண்டாமா? உப்புக்காரரிடம் வாரா வாரம் பாடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

அப்பா கைவிரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். "ஊரே சேர்ந்துல்ல கொன்னுருக்கு" என்றார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி நகர்ந்தது. கண்ணுக்கு எட்டும்வரை பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு ஏங்கினேன் என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ துப்பறியும் கதைகள் படித்துவிட்டேன். பாதியிலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறேன். பெருமையாக இருக்கும், கொஞ்சம் சப்பென்றும் இருக்கும். அந்தப் புத்தகம் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. அட்டை இல்லாததை என்ன பெயர் சொல்லித் தேடுவது? ஜமீந்தாரைக் கொன்றது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குடை எப்படி நனைந்தது என்பதும் தெரியாது.

இத்தனை வயதுக்குப் பிறகு அதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையும் இல்லை. நான் துப்புத் துலக்க ஆசைப்படுவது வேறொன்றை. மலை நிறைய எழுந்த அந்தப் புகையில், உப்பு அளந்த கையால் எனக்காக மூட்டியது எது?