கம்ப்யூட்டர் தொறக்குது

என் மேஜைமேல் இருக்கிற இந்தப் பழைய கம்ப்யூட்டரை, என் மூச்சு இருக்கிற வரைக்கும் யாரும் மாற்ற விடமாட்டேன். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே இப்படி ஒரு சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை. யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என் சபதங்கள் எல்லாமே அப்படித்தான். நுரையோடு வரும், கொப்பளித்தால் போய்விடும்.

ஆகா, என்ன சிக்கனமான மனுஷன் என்று நினைக்காதீர்கள். பழசின்மேல் பாசம் என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியைப் பார்த்தால் பாசம் வராது, தும்மல்தான் வரும். ஒரு பக்கத்துத் தகடு கழன்று விழுந்து பல வருஷமாகிறது. உள்ளே சூடாகிறதே என்று அதற்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன். அந்தக் காற்று எனக்குக் கிடையாது. கீபோர்டில் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டன. மீதியை நான் அடித்து அடித்துப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டர் மெதுவாகத் திறக்கும். நீங்கள் நினைக்கிற மெதுவு இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு, அதில் ஒரு கனவு கண்டு, அந்தக் கனவிலும் அது திறக்கவில்லையே என்று கவலைப்பட்டு விழித்தாலும், திரையில் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றுகிற நேரம்தான் எனக்கென்று இருக்கிற ஒரே நேரம். காலை நீட்டிக்கொண்டு, டீயைக் குடித்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். கேட்டால், வேலையில் இருக்கிறேன்.

இதற்காக வீட்டில் ஒரு பொய் சொல்லிவைத்திருக்கிறேன். "இது தொறக்கும்போது நடுவுல ஒரு கேள்வி கேக்கும். பக்கத்துல ஆள் இருந்து பதில் சொல்லலேன்னா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்." கேள்வியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் இந்த ஒரு பொய்யில்தான் என் இடுப்பு இத்தனை காலமாக நிற்கிறது. துணி எடுக்கணுமா? தொறக்குது. குப்பை போடணுமா? தொறக்குது. கடைக்குப் போகணுமா? தொறக்குதும்மா, இப்பத்தான் கேள்வி வர்ற நேரம்.

என் வேலையைச் சொல்லவில்லையே. மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருக்கும். 'பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்' என்று போட்டிருக்கும். அதை எழுதுகிறவன் நான். ஃபேனுக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, ஹீட்டருக்கு எல்லாம் நான்தான். வீட்டிலிருந்தே எழுதி அனுப்புவேன். லட்சக்கணக்கில் அச்சாகிறது. ஒருத்தரும் படிப்பதில்லை. கல்யாணத்துக்கு அப்படி ஒரு தாள் கொடுத்திருந்தால் நானும் படித்திருக்க மாட்டேன்.

என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம் எடுப்பாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியற்காலையிலேயே போய்விடுவாள், மதியம் திரும்புவாள். குத்தினதே தெரியாது என்று ஊரே அவளைத் தேடி வருகிறது. ரகசியம் ஒன்றுமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பாள். நேத்து மழையா, பொண்ணு நல்லாருக்காளா என்று. அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து, "கையை மடக்கிக்குங்க" என்பாள்.

மதியம் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போட்டேன். அவள் உள்ளே வந்து பையைக் கீழே வைத்தாள்.

"இன்னுமா தொறக்குது?"

"ம்."

"காலைல நான் கெளம்பும்போதும் தொறந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"அது வேற தொறப்பு."

"பாவங்க நீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் என்னைப் பாவம் என்று சொன்னால், எங்கேயோ ஊசி தயாராகிறது என்று அர்த்தம்.

"பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?" என்றாள்.

"எனக்கெதுக்கும்மா புதுசு? இருக்கிறதே போதும்."

"நாள் பூரா இது முன்னாடியே உக்காந்து உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"இடுப்புக்கென்ன, இரும்பு மாதிரி இருக்கு."

"அப்ப மாடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்க."

"அவ்வளவு இரும்பு இல்லை."

அவள் சிரிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "ஒண்ணு புதுசு வாங்கணும். இல்லே இதையே சரி பண்ணணும். ரெண்டுல எதுன்னு ஒரு முடிவு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள." சொல்லிவிட்டுத் துணி எடுக்க அவளே மாடிக்குப் போனாள்.

எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. புதுசு வந்தால் என் கதை முடிந்தது. அது பட்டென்று திறக்கும். நானும் பட்டென்று எழுந்திருக்க வேண்டும். அதை விட, 'சரி பண்ணுவது' பரவாயில்லை என்று தோன்றியது. ஏனென்றால் சரி பண்ணின மாதிரி நடிக்கலாம். என் மூளை அபூர்வமாகத்தான் வேலை செய்யும். செய்தால் இப்படித்தான், என்னையே குழியில் இறக்கிவிட்டு வரும்.

மறுநாள் மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் அவர் நிமிர்வதே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். என் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சப்பை மேட்டர் சார். புது மாதிரி டிஸ்க் ஒண்ணு போட்டு, கொஞ்சம் மெமரி ஏத்திட்டாப் போதும். நீங்க நாற்காலியில உக்கார்றதுக்குள்ள தொறந்துடும்."

"ஐயய்யோ!"

"என்ன சார்?"

"அதுதான் கூடாது."

கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "வேகமாகக் கூடாதா?"

"கூடாது."

"இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணுமா?"

"இன்னும் கொஞ்சம் மெதுவானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. பெட்டியைத் தொறங்க. தூசியை ஊதுங்க. மூடுங்க. புதுசே வேணாம், பழசையே பிரமாதமா ஆக்கியாச்சுன்னு என் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான்."

"ஊதறதுக்கு ஒரு மெக்கானிக்கா சார்? எதுக்கு இதெல்லாம்?"

சொன்னேன். நீல வட்டத்தைச் சொன்னேன், கேள்வியைச் சொன்னேன், மாடித் துணியைச் சொன்னேன். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சார்," என்றார் தழுதழுத்த குரலில், "இதே மாதிரி இன்னொண்ணு எங்கயாவது கெடைக்குமா? எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கதவைத் திறந்த என் மனைவி, "வாங்கண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்றாள். வீட்டுக்கு வருகிற எவரையும் அவள் அப்படித்தான் கேட்பாள், தொழில் புத்தி. அவருக்கு மட்டும் ஏனோ குப்பென்று வேர்த்தது.

"சொல்லுங்கண்ணே. புதுசு வாங்கணுமா, இதையே சரி பண்ணலாமா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரலில், "புதுசு வேண்டியதில்லை. பழசே பிரமாதம். ஒரு முக்கியமான பார்ட் மட்டும் மாத்தணும்," என்றார்.

"அப்ப மாத்திடுங்க."

பெட்டியின் மறுபக்கத் தகட்டைத் திறந்தார். ஊதினார். அறை முழுக்க ஒரே புழுதி. மூன்று பேரும் மாற்றி மாற்றித் தும்மினோம். மூடினார். என் காதோரம் குனிந்து, "ஒண்ணும் பண்ணலை சார்," என்றார் பெருமையாக.

"எங்க, போடுங்க பாப்போம்," என்றாள் இவள்.

போட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"புது பார்ட் இல்லையா," என்றார் மெக்கானிக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "பழகணும்."

"பழகட்டும் பாவம். என்ன அவசரம்? உங்களுக்கு டீ சர்க்கரை இல்லாமத்தானே அண்ணே?"

"ஆமாம்மா."

அவருக்குச் சர்க்கரை கூடாது என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜெயித்த மிதப்பில் இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்து அறியாதவன். அது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில நாட்கள் வட்டம் சுற்றச் சுற்ற அதையே பார்த்துச் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் மதியம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கம்போல அணைத்துப் போட்டேன். கதவு திறந்தது. முன்னால் இவள். பின்னால் மெக்கானிக், கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கிற பழக்கம்தான் அவருக்கு ஏற்கெனவே இல்லையே.

"என்ன இது?"

"புதுக் கம்ப்யூட்டர்."

"பழசைத்தான் பிரமாதமாச் சரி பண்ணியாச்சே!"

"யாரு, அண்ணனா? தூசியைத்தானே ஊதினாரு."

மெக்கானிக் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். பெட்டி போதவில்லை.

"உனக்கு யார் சொன்னது?"

"அவர்தான். மாசாமாசம் அவருக்குச் சர்க்கரை பாக்கிறது யாருன்னு நெனச்சீங்க? நீங்க அவர் கடைக்குப் போயிட்டு வந்த மறுநாளே வந்தாரு. நான் ஒண்ணுமே கேக்கலைங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, கடையில வேலை எப்படிப் போகுதுன்னேன். அவ்வளவுதான்."

"சார், ஊசியைப் பாத்தா எனக்கு நாக்கு நிக்காது," என்றது அட்டைப்பெட்டி.

"அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாம் தெரிஞ்சேதான் தும்மினியா?"

"தும்மல் நெஜம்."

புதுசை மேஜையில் வைத்தார்கள். பழசைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் ஒரு ஸ்டூலின்மேல் வைத்தார்கள். டேபிள் ஃபேனையும் மறக்காமல் அதற்கு நேராகத் திருப்பினாள் இவள். "அதை எதுக்கு வெக்கிறே, குடுத்துடலாமே," என்றேன். "இருக்கட்டும்," என்றாள். நானும் விட்டுவிட்டேன். பழசு கண்ணெதிரே இருந்தால் என்றைக்காவது மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்று எனக்கு உள்ளூர ஓர் ஆசை.

புதுசைப் பற்றி என்ன சொல்வது. சுவிட்சிலிருந்து விரலை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. வட்டமே கிடையாது. மானங்கெட்ட வேகம். நேற்று காலை அதில் உட்கார்ந்து ஒரு இஸ்திரிப் பெட்டித் தாளை எழுதி அனுப்பிவிட்டுப் பார்த்தால், டீ இன்னும் ஆறவில்லை. குப்பை போட்டேன். பாத்திரம் தேய்த்தேன். கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்துத் திறந்தபடியே இருந்தது. இத்தனை வேலை இந்த வீட்டில் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் வலித்தது. ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன், சபதம் எடுக்கக்கூட நேரமில்லை.

இன்றைக்கு மதியம் செருப்புச் சத்தம் கேட்டது. அணைத்துப் போட்டேன். நான் நாற்காலியில் சாய்வதற்குள் திறந்துவிட்டது. இவள் உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த கால்கள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அதை நான் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. நான் எப்போதும் வட்டத்தைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன். மனசுக்கு என்னவோ போலிருந்தது.

அவள் அடுப்பில் பாலை வைத்தாள். துணி தோய்க்கிற மெஷினைப் போட்டாள். நேராக மூலைக்குப் போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டிக்கொண்டு, பழைய கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தட்டினாள். அது ஒரு முறை இருமிவிட்டு, சுற்ற ஆரம்பித்தது. இவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். டேபிள் ஃபேன் காற்றில் முன்முடி லேசாக ஆடியது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அதுல உனக்கு என்ன வேலை?" என்றேன்.

"இனிமேதான் பாக்கணும். உங்களுக்கு என்ன வேலை இருந்துச்சோ, அதுதான்."

மெஷின் நின்று கூவ ஆரம்பித்தது. அடுப்பில் பால் உஸ்ஸென்று எழும்பியது. வாசலில் யாரோ அழைப்பு மணியை அழுத்தினார்கள்.

"ஏம்மா! பால் பொங்குது! எந்திரி!"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து வட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்படிங்க எந்திரிக்கிறது? நடுவுல கேள்வி கேக்கும்ல?"