முதல் பத்தி விஞ்ஞானி

விஞ்ஞானிகளில் இரண்டு வகை உண்டு. முப்பது வருடம் ஒரே புழுவை உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை” என்று தலையைச் சொறிபவர் ஒரு வகை. காலையில் பல் துலக்கும்போது கைப்பேசியில் நாலு வரி படித்துவிட்டு, வாய் கொப்பளிப்பதற்குள் உறுதியாகச் சொல்லிவிடுபவர் இன்னொரு வகை. முதல் வகையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இரண்டாம் வகையிடமிருந்து தப்பித்திருக்கமாட்டீர்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் தங்கையின் கணவர், அதாவது என் அருமை மாப்பிள்ளை. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். “இப்ப கண்டுபிடிச்சிருக்காங்க மச்சான்” என்றுதான் வாயைத் திறப்பார். யார் கண்டுபிடித்தார்கள், எங்கே, எப்படி? அதெல்லாம் கேட்கக்கூடாது. கட்டுரையின் முதல் பத்தி முடிந்ததும் ‘மேலும் படிக்க’ என்று நீல எழுத்தில் வருமே, அதை அவர் விரல் இன்றுவரை தொட்டதில்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பார். துக்க வீட்டில், மாரடைப்பில் போனவரின் தம்பியிடம் சொல்வார். என் அக்கா கோபப்பட்டால் அது அவள் கோபம் இல்லையாம், குடலில் இருக்கும் பாக்டீரியாவின் கோபமாம். ஒருநாள் தாமதமாக வேலைக்குப் போய், மேலாளரிடமே விளக்கம் கொடுத்திருக்கிறார்.

“நேரம்னு ஒண்ணு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஓடாது சார். கருந்துளை பக்கத்துல மெதுவாத்தான் ஓடும்.”

“இங்க பஸ் ஓடணும்யா, பஸ்!”

இதுவரை சிரிக்கலாம். அப்புறம் என் தங்கைக்குப் பல்வலி வந்தது.

“வலி பல்லுலயே இல்ல. மூளைதான் வலியைத் தயார் பண்ணுது. இப்ப கண்டுபிடிச்சிருக்காங்க. மூளைக்கு வேற வேலை கொடு, வலி தானா அடங்கும்” என்றார் மாப்பிள்ளை. என்ன வேலை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். அந்த மகராசியும் துணி துவைத்துக்கொண்டு கழித்தாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டு கழித்தாள். பத்து நாள்! பதினோராம் நாள் நான் போனபோது இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. “எண்பத்தாறு” என்று முனகியபடியே எனக்குக் கதவைத் திறந்தாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, அந்த வலிக் கட்டுரையைத் தேடி, நீல எழுத்தை நானே அழுத்தினேன். கட்டுரை விரிந்தது. எழுதியவர் யார் தெரியுமா? ஒரு பல் மருத்துவர். கடைசி வரி என்ன தெரியுமா? ‘ஆகவே, மூளை தரும் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யாமல் அன்றைக்கே பல்லைக் காட்டிவிடுங்கள்.’

அன்றைக்கே காட்டவேண்டியதைப் பதினோராம் நாள் காட்டினோம்.

“ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாமே. ஏம்மா இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் மருத்துவர். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தார்.

பல் போயிற்று. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நடந்துவந்தாள் என் தங்கை. மாப்பிள்ளையின் முகம் செத்துப் போயிருந்தது. நிஜமாகவே வருத்தம்தான், அதில் குறை சொல்லமாட்டேன். தெருமுனை வரைக்கும் வாயே திறக்கவில்லை. திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

“நீ கவலைப்படாத. விழுந்த பல் திரும்ப முளைக்க மருந்து வந்தாச்சாம். இப்ப கண்டுபிடிச்சிரு…”

அவளால் பேச முடியவில்லை. நடுத்தெருவில் நின்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள், அந்தச் செய்தியைத் தேடினாள், ‘மேலும் படிக்க’வை அழுத்தினாள், அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாப்பிள்ளை தன் வாழ்நாளில் முதல்முறையாக இரண்டாம் பத்தியைப் படித்தார்.

“எலிக்காம்” என்றார் மெல்லிய குரலில்.

சிரிக்கிறீர்களா? உங்கள் சித்தப்பாவோ மேலதிகாரியோ ஞாபகத்துக்கு வந்திருப்பார், வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று மேலே போகிறபோக்கில் எழுதினேனே, அது சரியா என்று பார்த்தீர்களா? இல்லை. இன்று சாயங்காலம் அதை யாரிடம் சொல்லலாம் என்று மட்டும் யோசித்துவிட்டீர்கள்.

வாங்க, மாப்பிள்ளை.