ஒரு மணி நேரத்தில் சென்னை

முதல் முறை விமானம் ஏறப்போகிறவன் வாயில் ரகசியம் தங்காது. பயணச்சீட்டு எடுத்த அன்றே நாமக்கல் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். குழந்தையை என் மடியில் உட்கார வைத்து, நான் கொண்டுபோகும் தோட்டைத்தான் போட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமையே வேனில் கிளம்பினார்கள். "நீங்க ஆறு மணி நேரம் குலுங்கிட்டே போங்க. முந்நூத்தம்பது கிலோமீட்டர், எனக்கு ஒரு மணி நேரம்" என்றேன்.

ஆனால் சனிக்கிழமை நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் ராகு காலம். அம்மா விடுவாரா? நல்ல நேரம் பார்த்து, தோடு வைத்த என் பெட்டியை வேனில் ஏற்றி, புதுச்சத்திரத்தில் சித்தப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். (பரஸ்தானம் என்பார்கள். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு.) பெட்டி அப்படியே வேனில் சென்னைக்குப் போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள். தோட்டை நான்தான் கொண்டுவருவேன் என்று முறுக்கிக்கொண்டவன் நான். சேலம் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மறுநாள் கார் புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது, விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கும் என்று டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். (எனக்கென்ன தெரியும்? சும்மா அடித்துவிட்டதுதான்.)

"லக்கேஜ் இல்லீங்களா?" என்று விமான நிலையத்தில் கேட்டார்கள்.

"இல்லீங்க" என்றேன், கெத்தாக.

சென்னையில் இறங்கியதும் எல்லோரும் பெட்டிக்காக நின்றார்கள். நானும் நின்றேன். கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் புதுச்சத்திரம் ஞாபகம் வந்தது. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"இங்கதான் இருக்குது சாமி. நீ வருவீன்னு வெச்ச காப்பிகூட ஆறிப்போச்சு. சாயந்தரம் முட்டை லாரி சென்னைக்குப் போகுது, குடுத்து உடறேன்."

வேறு தோடு வாங்கலாம் என்றால், என் கையில் இருந்த பணமெல்லாம் அந்தத் தோட்டுக்கே போயிருந்தது. அக்காவிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியை ஊருக்குள் விடவில்லை. வண்டலூர் வரை ஆட்டோவில் ஓடினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று டிரைவர் பெட்டியை முட்டை அட்டைகளுக்கு நடுவில் செருகியிருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டே திரும்பினேன்.

மண்டபத்தில் ஊசியோடு ஆசாரி காத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. என் பெரியம்மா மகன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு என் இடத்தில் உட்காரப் போனான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருங்க, இருங்க, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் உட்கார்ந்தேன். குழந்தை மடிக்கு வந்தாள். தோடு ஏறியது. போன உயிர் திரும்பி வந்தது.

அவளைத் தூக்கிய அக்கா, "ஏண்டா, பட்டுப்பாவாடைல என்னடா முட்டை வாசம்?" என்றாள். அப்புறம் எதை மறைப்பது?

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும், என்னைப் பார்த்துக்கொண்டே திருப்பிக் கேட்பாள்:

"ஆளுக்குங்களா, பெட்டிக்குங்களா?"