தாமல் ஏரிக்கரையில் லிஸ்பன்

பஸ்ஸில் போகத் தெரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில் இருக்கிறார். மற்றவர்களெல்லாம் ஏறுகிறோம், இறங்குகிறோம், அவ்வளவுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவுக்கு அவர் ஜன்னல் சீட்டு. வாரத்தில் ஆறு நாள் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிறார். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் நிரப்பி மயிலையும் யாளியையும் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்குப் போவார். ஜன்னலோரம் கிடைக்கிற வண்டியில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பிவிடுவார். எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டி. சொந்த மைத்துனன் கல்யாணத்துக்கு வேலூர் போனபோது ஐந்து வண்டிகளை விட்டுவிட்டு, கடைசிப் பந்திக்கு இலை எடுக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் எப்படி என்று கேட்டதற்கு, "ஆற்காட்டாண்ட பாலாறு பார்த்தேன்பா. அப்பேர்ப்பட்ட மணல்" என்றார்.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. தன் வீட்டைத் தவிர வேறெங்கும் படுக்கமாட்டார். ஆகவே அவருடைய உலகம், போய்விட்டு அன்றைக்கே திரும்பி வரக்கூடிய தூரத்தோடு முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் வீட்டு வழக்கு போய்ச் சேர்ந்தது. எங்கள் மகளுக்குப் பார்சிலோனாவில் வேலை. "லிஸ்பன்ல இறங்கி, செவில், மாட்ரிட் எல்லாம் பார்த்துக்கினு மெதுவா வாங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் கடல், ஜன்னலில் முழங்கை, காற்றில் பறக்கும் மிச்சமிருக்கிற முடி. இந்தக் கனவை நான் பல வருடங்களாகக் கண்டுவருகிறேன். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸ்கூட வாங்கிவிட்டேன்.

என் மனைவி வசந்தா ஒரே வார்த்தையில் முடித்தாள். "கார்னா நான் வரல. உங்க பக்கத்துல உட்கார்ந்து மேப்பு பார்த்துக்கினு, மூணு வாரம் திட்டு வாங்க என்னால ஆவாது. நீங்க போயிட்டு வாங்க."

சொன்னதோடு நிற்காமல் தன் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கியதில்லை. எனக்கும் பிடிவாதம். அவள் சொல்கிறபடி பஸ், ரயில் என்று மாறி மாறிப் பெட்டியை ஸ்டேஷன் ஸ்டேஷனாக இழுக்க நான் என்ன போர்ட்டரா? ஆனால் உள்ளுக்குள் பயம்தான். வசந்தா இல்லாமல் கடலைப் பார்த்து யாரிடம் சொல்வது?

விஷயம் தெரிந்து ஜன்னல் சீட்டு ஒரு தாளோடு வந்தார்.

"புது டிசைனை சும்மா தறியில ஏத்திடுவாங்களா? மாதிரிக்கு ஒரு முழம் நெய்து பார்ப்பாங்க. பயணமும் அப்படிதான்பா" என்று தாளை விரித்தார். லிஸ்பனும் பார்சிலோனாவும் இருக்கிற இரண்டு நாடுகளையும் கட்டங்களின்மேல் வரைந்திருந்தார். மேற்கே கடலோரம் லிஸ்பன், அதற்குப் பதில் எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற தாமல் ஏரி. தெற்கே செவில், அது உத்திரமேரூர். நட்டநடுவில் மாட்ரிட், எங்கள் பஸ் நிலையம். வடகிழக்கில் பார்சிலோனாவாக ஸ்ரீபெரும்புதூர். "ஒரு ஞாயித்துக்கிழமை கார்ல, அடுத்தது பஸ்ல. எது நல்லா வருதோ அதையே ஏத்து."

நிஜப் பெட்டியோடுதான் போகவேண்டும் என்று நிபந்தனை போட்டார். வசந்தா பெட்டிகளை இறக்கி, என் கட்டுரைகள் வந்த பழைய வார இதழ்களை அடைத்தாள். "இப்பதான் இதெல்லாம் ஒரு வேலைக்கு ஆவுது" என்றாள்.

கார் ஞாயிறு. பின்சீட்டில் பென்சிலோடு அவர் உட்கார்ந்துகொண்டார். லிஸ்பனில் வண்டியை எங்கே திருப்புவது என்பதிலேயே எங்களுக்குச் சண்டை ஆரம்பித்துவிட்டது. செவிலில் ஒரு சந்துக்குள் நுழைந்து, முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல் நின்றேன். அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார். "அந்த ஊரு பழைய தெருவும் இப்படிதானாம்பா. காரை வெளியவே விட்டுட்டு நடக்கணுமாம்." மாட்ரிட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா வரை நானும் வசந்தாவும் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் டீக்கடையில் அவர் கேட்டார். "தாமல் ஏரியில தண்ணி இருந்துதா?"

நான் வசந்தாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நான் ரோட்டையும் அவள் போனையும்தான் பார்த்திருந்தோம். அவர் தாளில் என்னவோ குறித்துக்கொண்டார்.

பஸ் ஞாயிறு இன்னும் மோசமாகத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஜன்னல் சீட்டு கிடைக்கவேண்டும் என்று அவர் நான்கு வண்டிகளை விட்டார். என் எழுத்தின் கனம் என்னவென்று அன்றைக்குத்தான் என் தோளுக்குத் தெரிந்தது. லிஸ்பனிலிருந்து செவிலுக்கு நேர் வண்டி இல்லாததால் மாட்ரிட்டில் மாறவேண்டியிருந்தது. அந்த வண்டியில் அவர் கம்பீரமாக, "செவில் மூணு" என்றார்.

கண்டக்டருக்கு அவரைப் பல வருடப் பழக்கம். "அந்த ஊரு மெஷின்ல இல்லண்ணா. உத்திரமேரூர்னே அடிச்சுடறேன்" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வண்டி நகர்ந்தது. ஸ்டியரிங் இல்லாமல் என் இரண்டு கைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன. வயல்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அரைத் தூக்கம்போல ஒரு சுகம். முன்சீட்டிலிருந்து வசந்தா திரும்பி, "ஏங்க, அங்க பாருங்களேன்" என்றாள். கரும்புத் தோட்டத்துக்குமேல் கிளிக்கூட்டம் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. காரில் அவள் என்னிடம் "பிரேக்கு, பிரேக்கு" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதாக ஞாபகமில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் தாமல் ஏரியைப் பற்றி அதே கேள்வி. வசந்தா முந்திக்கொண்டாள். "தண்ணி கரைய தொட்டுக்கினு இருக்குதுண்ணா. நடுவுல ஒரு பட்ட மரம். அது மேல நீர்க்காகம் ஒண்ணு ரெக்கைய விரிச்சு காய வெச்சுக்கினு இருந்துது."

அன்று மாலையே அவள் என் கட்டுரைகளைத் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டியில் தன் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"நீங்களும் வாங்கண்ணா" என்று நான் கூப்பிட்டேன். அவர் அந்தத் தாளில் லிஸ்பனிலிருந்து பார்சிலோனா வரை விரலை ஓட்டிப் பார்த்தார். "அன்னிக்கே திரும்ப முடியாதேப்பா" என்றார். பிறகு, "ஜன்னலாண்ட உட்காரு. தூங்கிடாத" என்றார்.

பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் போய் வந்தோம். திரும்பிய மறுநாள் காலை அவருக்காக வாங்கிவந்த வண்ணப் பென்சில் டப்பாவோடு போனேன். அதை வாங்கி ஓரமாக வைத்தார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு ஒன்று போட்டார். "லிஸ்பன்ல கிளம்பிட்டுது. சொல்லு."

பெரிய பாலம், பாட்டில் மூடிக்காகப் பட்டை உரிக்கிற கார்க் மரம், கம்பத்துமேல் நாரைக்கூடு என்று நான் மளமளவென்று ஒப்பித்தேன்.

"இரு. இன்னாத்துக்கு இப்படி பறக்கிற? பஸ்ஸு போன வேகத்துலயே சொல்லு. மரம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்ணா. அடிமரத்துல பட்டையை உரிச்சிருக்காங்க. உள்ள அரக்கு நிறம்."

கண்ணை மூடிக்கொண்டார். "அரக்குக்கு மேல இன்னா பச்சை?"

"சாம்பல் கலந்த பச்சை."

"ம்" என்றார். அவர் விரல்கள் தொடைமேல் கட்டம் கட்டமாக நகர்ந்தன. நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன். மரம், புல், தூரத்தில் ஒரு வெள்ளை ஊர், மறுபடியும் மரம். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தக் காலையில்தான் எனக்கே தெரிந்தது. அவர் விரல்கள் நின்றுவிட்டன. தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

"இன்னாபா, வண்டி நின்னுட்டுது? ஸ்டாப்பிங்கா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"இல்லண்ணா. ஆறு வருது, தாண்டினா ஸ்பெயினு. சாயந்திரத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்" என்று சொல்லி, வண்டியை எடுத்தேன்.